எழுத்தை மாற்றும் டிஆர் கட்டளை: தமிழில் கவனம் தேவை

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் படம் பார்ப்பதிலும் கேம்ஸிலும் போய்விடும். இரண்டாம் மாதம்தான் யாராவது ஒருவர் பென் டிரைவை நீட்டுவார். "இதில் முந்நூறு பேர் பட்டியல் இருக்கிறது. தொகையில் இருக்கும் கமாவை எல்லாம் எடுத்துக் கொடு" என்பார். இன்னொருவர் தேதிகளில் உள்ள சாய்கோட்டைப் புள்ளியாக மாற்றச் சொல்வார். ஒவ்வொன்றாக அழித்துக் கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும்.

இந்த மாதிரி வேலைக்கென்றே ஒரு சின்னக் கட்டளை 1973 முதல் இருக்கிறது. அதன் பெயர் டிஆர். ஒரு எழுத்தை இன்னொரு எழுத்தாக மாற்றும் அல்லது எழுத்தை நீக்கும். வேறு எதுவும் தெரியாது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்ஸ் சிஸ்டத்தின் நான்காம் பதிப்பில் வந்தது. இன்றும் எல்லா லினக்ஸ் கம்ப்யூட்டர்களிலும் உள்ளது. விண்டோஸ் வைத்திருப்பவர்களும் இதைப் பயன்படுத்தலாம். ஆனால் தமிழ் பைலில் இதை இயக்கும்போது ஒரு ஆபத்து உண்டு. அதைத் தெரியாமல் இயக்கினால் பட்டியலில் சிலரின் பெயர்கள் மட்டும் சிதைந்து போகும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தயார் செய்து கொள்வோம்

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் மெனுவில் டெர்மினல் புரோகிராமை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டபிள்யூஎஸ்எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, இரண்டு ஹைபன், இன்ஸ்டால் என்று டைப் செய்து என்டர் தட்டவும். இன்டர்நெட்டில் இருந்து உபுண்டு லினக்ஸ் இறங்கி, விண்டோஸுக்கு உள்ளேயே அமர்ந்து கொள்ளும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கலாம். பிறகு உங்கள் பைல் இருக்கும் போல்டரைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையில் அதே டபிள்யூஎஸ்எல் எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டினால், அந்த போல்டரிலேயே கட்டளை வரி திறக்கும்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் கீபோர்டில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். ஒரு சின்னச் சிக்கல்: தமிழில் இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கும் ஒரே 'டி' தான். டிஆர் என்பதில் வருவது டெலிபோன் என்ற சொல்லின் முதல் எழுத்து. ஹைபனுக்குப் பிறகு தனியாக வரும் -டி என்பது டெலிட் என்ற சொல்லின் முதல் எழுத்து. பைல் பெயர்களை இங்கே தமிழில் கொடுத்தாலும் உங்கள் பைலுக்கு ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு பெயர் வைத்துக் கொள்ளுங்கள், டைப் செய்வது சுலபம். நோட்பேட் பெயருக்குப் பின்னால் ஒட்டும் புள்ளி டிஎக்ஸ்டி என்ற வாலையும் மறக்காமல் சேர்க்கவும்.

முதல் முயற்சி

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் கம்பெனியாகப் பதிவான தேதியையே எடுத்துக் கொள்வோம். இப்படிக் கொடுத்துப் பாருங்கள்:

எக்கோ '14/11/1956' | டிஆர் '/' '.'

திரையில் 14.11.1956 என்று வரும். எக்கோ என்பது கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் கட்டளை. நடுவில் உள்ள நிற்கும் கோட்டுக்குப் பைப் என்று பெயர். இடது பக்கத்தில் வருவதை வலது பக்கத்துக்கு அனுப்பும், தண்ணீர்க் குழாய் மாதிரியேதான். டிஆர் முதல் மேற்கோளில் உள்ளதைத் தேடி, இரண்டாவது மேற்கோளில் உள்ளதை அந்த இடத்தில் வைக்கிறது.

பட்டியலில் சிலர் சாய்கோடும் சிலர் ஹைபனும் போட்டிருந்தால் இரண்டையும் ஒரே தடவையில் மாற்றலாம்:

டிஆர் '/-' '..' < பட்டியல் > புதியது

முதல் மேற்கோளின் முதல் எழுத்துக்கு இரண்டாவதின் முதல் எழுத்து, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று ஜோடி சேரும். ஹைபனை எப்போதும் கடைசியில் வையுங்கள். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வைத்தால் 'இதிலிருந்து அதுவரை' என்று பொருள் எடுத்துக் கொள்ளும். '0-9' என்றால் பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரை எல்லா இலக்கங்களும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 2024 என்று உள்ளதை 2025 ஆக்க வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். டிஆர் '2024' '2025' என்று கொடுத்தால் சரியாக வரும் போலத்தான் தோன்றும். ஆனால் டிஆர் கட்டளைக்குச் சொல் தெரியாது, எழுத்து மட்டுமே தெரியும். அது புரிந்து கொள்வது, 2 என்றால் 2, 0 என்றால் 0, 4 என்றால் 5. ஆகவே 14/11/2024 என்ற தேதி 15/11/2025 ஆகிவிடும். நாளும் மாறிவிட்டது! சொல்லை மாற்ற வேறு கட்டளை உண்டு, பின்னால் வருகிறது.

< என்ற குறி பைலை உள்ளே அனுப்புகிறது, > என்ற குறி விடையை இன்னொரு பைலில் எழுதுகிறது. இரண்டு பக்கமும் ஒரே பைல் பெயரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எழுத வேண்டிய பைலைக் காலி செய்து திறந்த பிறகுதான் டிஆர் வேலையைத் தொடங்கும். அதற்குள் உங்கள் பட்டியல் பூஜ்ஜியம் பைட் ஆகியிருக்கும். ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் இருக்காது.

நீக்குவது

1,25,000 என்ற தொகையில் கமாக்களை எடுக்க:

டிஆர் -டி ',' < தொகை > புதியது

125000 கிடைக்கும். எக்ஸெல் கூட்டல் போட மறுக்கும் எண்கள் பலவும் இப்படிக் கமாவோடு ஒட்டி வந்தவைதான். ஆனால் பைலில் பெயருக்கும் தொகைக்கும் நடுவிலும் கமா இருந்தால் அதுவும் போய், முருகன்125000 என்று ஒட்டிக் கொள்ளும். கட்டளை கொடுக்கும் முன் அந்த எழுத்து பைலில் வேறு எதற்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

-சி என்பதையும் சேர்த்தால் தலைகீழாக வேலை செய்யும். 'இவற்றைத் தவிர மற்றதை எல்லாம் நீக்கு' என்று பொருள்:

டிஆர் -சிடி '0-9\012' < போன் > எண்கள்

போன் நம்பர்களில் உள்ள ஹைபன், அடைப்புக்குறி, இடைவெளி, பிளஸ் எல்லாம் போய் இலக்கங்கள் மட்டும் நிற்கும். \012 என்பது வரி முடிவைக் குறிக்கும் எண். அதை விட்டுவிட்டால் எல்லா நம்பர்களும் ஒரே வரியில் ரயில் பெட்டி மாதிரி ஒட்டிக் கொள்ளும்.

-எஸ் கொடுத்தால் அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்தை ஒன்றாகச் சுருக்கும். நடுவில் நாலைந்து ஸ்பேஸ் தட்டி எழுதியவர்களின் பைலுக்கு டிஆர் -எஸ் ' ' என்பது நல்ல மருந்து.

வரி முடிவு என்றதும் இன்னொரு பழைய தொல்லையும் ஞாபகம் வருகிறது. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு குறிகளை வைக்கும். ஒன்று தலையை இடது ஓரத்துக்கு இழுக்க, இன்னொன்று தாளை ஒரு வரி மேலே ஏற்ற. டைப்ரைட்டர் காலத்து மிச்சம். லினக்ஸ் ஒன்றை மட்டும் வைக்கும். விண்டோஸ் பைலை லினக்ஸுக்குக் கொண்டு போனால் ஒவ்வொரு வரி வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி தொங்கும். அதை எடுக்க டிஆர் -டி '\015' போதும். எதிர்த்திசையில், லினக்ஸ் பைலைப் பழைய நோட்பேடில் திறந்தால் எல்லாம் ஒரே வரியாகத் தெரியும். 2018-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் மைக்ரோசாப்ட் இதைச் சரி செய்துவிட்டது.

இவ்வளவு சின்னக் கட்டளையால் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று கேட்கலாம். 1986-ல் அமெரிக்காவின் ஏசிஎம் சங்க இதழில் ஒரு சுவையான போட்டி மாதிரி நடந்தது. ஒரு கட்டுரையில் அதிகம் வரும் சொற்களை எண்ணிச் சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதித் தரும்படி புகழ்பெற்ற டொனால்ட் நூத்திடம் ஜான் பென்ட்லி கேட்டார். நூத் பல பக்கங்களுக்கு அழகான புரோகிராம் எழுதினார். அதற்கு மதிப்புரை எழுதிய டக் மெக்கில்ராய், பைப்பை யூனிக்ஸுக்குக் கொண்டு வரச் சொன்னவர், அதே வேலையை ஆறு சின்னக் கட்டளைகளைக் கோத்துச் செய்து காட்டினார். ஆறில் இரண்டு டிஆர்! தமிழுக்கு அதை இப்படி மாற்றிக் கொள்ளலாம்:

டிஆர் -எஸ் ' .,;:?!' '\012' < கட்டுரை | சார்ட் | யுனிக் -சி | சார்ட் -ஆர்என்

இடைவெளியும் நிறுத்தக்குறியும் வரும் இடங்களில் எல்லாம் வரியை உடைத்து, சொல்லுக்கு ஒரு வரியாக்கி, வரிசைப்படுத்தி, எண்ணித் தரும். பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்ட் பைலில் இதை ஓட்டிப் பாருங்கள். கடைசியில், ஒருமுறை மட்டும் வரும் சொற்களின் நடுவேதான் தட்டச்சுப் பிழைகள் ஒளிந்திருக்கும்.

கரியும் கறியும்

மேலே உள்ள எல்லா உதாரணங்களிலும் நான் மாற்றியது இலக்கமும் குறியும்தான். தமிழ் எழுத்தைத் தொடவில்லை. காரணம் இருக்கிறது.

எங்கள் மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு மெஸ் மெனு கார்டில் 'கரி தோசை' என்று அச்சாகியிருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். பழுப்பு நிலக்கரி தோண்டும் ஊரில் இது பொருத்தமான பிழைதான். ஆனாலும் திருத்த வேண்டும்:

டிஆர் 'ர' 'ற' < மெனு > புதியது

கறி தோசை வந்துவிடும். கூடவே பரோட்டா பறோட்டாவாகும், ரூபாய் றூபாயாகும். இது நாம் எதிர்பார்க்க வேண்டியதே, எல்லா ர-வையும் மாற்று என்றுதானே சொன்னோம். வியப்பு வேறிடத்தில் உள்ளது. கார்டின் ஓரத்தில் 'வெயில் 41°, மோர் இலவசம்' என்று எழுதியிருந்தால் அது 'வெயில் 41±' ஆகியிருக்கும். டிகிரிக் குறி எப்படி மாறியது? அதை நாம் கேட்கவே இல்லையே! அதோடு, பழைய முறையில் கணக்கு எழுதுபவர்கள் பத்துக்குப் போடும் ௰ என்ற குறி பைலில் இருந்தால் அது ௱ ஆகியிருக்கும். ௱ என்றால் நூறு. ஒரு ர-வை மாற்றப் போய், பத்து நூறாகிவிட்டது.

இதற்குக் காரணம் இதுதான். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். 0 முதல் 255 வரை ஏதாவது ஒரு எண் என்று வைத்துக் கொள்ளுங்கள். இப்போது எல்லா இடத்திலும் பயன்படும் யுடிஎப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ர என்பது 224, 174, 176. ற என்பது 224, 174, 177. லினக்ஸில் உள்ள டிஆர் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது. நாம் கொடுத்ததை அது இப்படிப் படித்தது: 224 என்றால் 224, 174 என்றால் 174, 176 என்றால் 177. அதாவது பைலில் எங்கெல்லாம் 176 உள்ளதோ அங்கெல்லாம் 177. டிகிரிக் குறி 194, 176. ± குறி 194, 177. ௰ என்பது 224, 175, 176. புரிகிறதா?

ர-வும் ற-வும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதால்தான் இந்த அளவிலாவது தப்பித்தோம். நீக்குவதில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. இதைச் செய்து பாருங்கள், பைல் எதுவும் கெடாது:

எக்கோ 'தமிழ்' | டிஆர் -டி 'ம'

'தழ்' என்றோ 'திழ்' என்றோ வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வருவது கேள்விக்குறி போட்ட கட்டங்கள். ம என்பது 224, 174, 174. ஆகவே டிஆர் எல்லா 224-ஐயும் எல்லா 174-ஐயும் நீக்கிவிட்டது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 224-ல்தான் தொடங்குகிறது. 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, மொத்தம் பதினைந்து பைட். மிஞ்சியது ஐந்து பைட், எதற்கும் பொருள் இல்லை.

இது உடனே கண்ணில் படும் கேடு, அதனால் பயமில்லை. படாத கேடுதான் மோசம். நன்கொடைப் பட்டியல் ஒன்று இருக்கிறது, எல்லாத் தொகைக்கும் முன்னால் ₹ குறி. 2010-ல் மத்திய அரசு ஏற்றுக் கொண்ட, நம் உதயகுமார் வடிவமைத்த அதே குறி. கூட்டல் போடுவதற்காக அதை நீக்க நினைத்து டிஆர் -டி '₹' என்று கொடுக்கிறீர்கள். அது தமிழ் எழுத்தே இல்லை, குறிதானே என்ற தைரியம். ஆனால் ₹ என்பது 226, 130, 185 என்ற மூன்று பைட். 185 என்பது ஹ எழுத்தின் கடைசி பைட். 130 என்பது கூ, பூ, லூ எல்லாவற்றிலும் வரும் ஊகாரக் குறியின் கடைசி பைட்.

விளைவு: முருகன் நன்றாக இருப்பார், செல்வி நன்றாக இருப்பார். ஷாஹுல் ஹமீது சிதைந்திருப்பார். மஹாலட்சுமி, மூர்த்தி, பூங்கோதை, சூர்யா எல்லோரும் சிதைந்திருப்பார்கள். ஊர்ப் பெயரில் நெய்வேலியும் மந்தாரக்குப்பமும் விருத்தாசலமும் தப்பிக்கும், கடலூர் தப்பாது. முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 'சரியாக வந்துவிட்டது' என்று மூலப் பைலை அழித்தால் அந்தப் பெயர்கள் திரும்ப வராது. சங்கப் பட்டியலோ சம்பளப் பட்டியலோ, பெயரில் ஒரு எழுத்து போனால் அடையாள அட்டையோடு ஒத்துப் போகாது. அதைச் சரி செய்ய அலைவது பட்டியலை டைப் செய்தவர் இல்லை, அந்தப் பெயருக்கு உரியவர்.

இதை டிஆர் கட்டளையின் குறை என்று சொல்லலாமா? குனு அமைப்பு தரும் கையேட்டிலேயே, ஒரு பைட் எழுத்துகளுக்கு மட்டுமே முழு ஆதரவு என்று எழுதியிருக்கிறார்கள். 1973-ல் ஒரு எழுத்து என்றால் ஒரு பைட்தான், யாருக்கும் வேறு எண்ணம் இல்லை. யூனிகோட் முதல் பதிப்பே 1991-ல்தான் வந்தது. ஆனாலும் இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒரு எச்சரிக்கை கூடக் காட்டாமல் பைலைச் சிதைப்பது சரியில்லை என்பது என் எண்ணம். மேக் கம்ப்யூட்டரில் உள்ள டிஆர் வேறு வழியில் வந்தது, முழு எழுத்தையும் பார்க்கும்.

தமிழுக்கு எது?

செட் என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். எஸ், இ, டெலிட்டின் டி என்ற மூன்று எழுத்து. ரூபாய்க் குறியை நீக்க:

செட் 'எஸ்/₹//ஜி' < பட்டியல் > புதியது

எஸ் என்றால் மாற்று. முதல் சாய்கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் உள்ளது தேட வேண்டியது, அடுத்தது அதற்குப் பதில் வைக்க வேண்டியது, இங்கே காலி. கடைசி ஜி 'வரியில் உள்ள எல்லாவற்றையும்' என்று சொல்கிறது, அதை விட்டால் வரிக்கு ஒன்றுதான் மாறும். 226, 130, 185 மூன்றும் அதே வரிசையில் சேர்ந்திருந்தால் மட்டுமே செட் தொடும், ஆகவே ஹமீதுக்கும் மூர்த்திக்கும் ஆபத்தில்லை. சொல்லையும் மாற்றும்: 'எஸ்/கரி தோசை/கறி தோசை/ஜி' என்று கொடுத்தால் பரோட்டா பரோட்டாவாகவே இருக்கும்.

தமிழ் எண்களைச் சாதாரண எண்களாக மாற்ற, ஜோடி சேர்க்கும் பழைய பாணியே செட் கட்டளையிலும் உண்டு:

செட் 'ஒய்/௦௧௨௩௪௫௬௭௮௯/0123456789/' < பழையது > புதியது

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நமக்கு 'ரி' ஒரு எழுத்து. யூனிகோடுக்கு அது ர-வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. செட் கொண்டு ர-வை நீக்கினால் கொக்கி மட்டும் மிஞ்சி, முன்னால் உள்ள எழுத்தில் போய் ஒட்டிக் கொள்ளும். தமிழின் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்16 என்ற முறையையும் யூனிகோடோடு சேர்த்துத் தமிழக அரசு 2010-ல் ஏற்றது. ஆனால் அன்றாடப் புழக்கத்தில் யூனிகோடே நின்றுவிட்டது.

பழைய பான்ட் பைல்கள்

2000-க்கு முன்னும் பின்னும் டிடிபி சென்டர்களில் டைப் செய்த பைல்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவை வேறு உலகம். பாமினி என்ற பான்ட்டை எடுத்துக் கொண்டால், அதில் பைலில் உள்ளது ஆங்கில எழுத்துகளே, தமிழ் உருவம் பான்ட்டில் மட்டும் இருக்கிறது. ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று அடித்தால் 'தமிழ்' என்று தெரியும். செமிகோலன்தான் மெய்யெழுத்துக்கான புள்ளி. கமாதான் இ.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் புது லேப்டாப் வாங்கி, இருபது ஆண்டு பழைய சங்க உறுப்பினர் பட்டியலைத் திறந்திருக்கிறார். பான்ட் இல்லாததால் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கல். "நடுவுல நடுவுல கமாவும் செமிகோலனும் குப்பையா கிடந்தது தம்பி, அதான் நோட்பேட்ல ஒரேடியா எடுத்துட்டேன்" என்றார். "மாமா, பான்ட் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டு, பாமினி பான்ட்டை ஏற்றிக் காட்டினேன். இளங்கோ 'ளஙகோ' ஆகியிருந்தார். இந்திரா 'நதிரா'. தலைப்பில் இருந்த இந்தியா 'நதியா'! நல்ல வேளை, மூலப் பைல் பென் டிரைவில் அப்படியே இருந்தது.

கமா பைலில் வேறு எதற்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று பாருங்கள் என்றேனே, இதுதான். பாமினி பைலில் எல்லாம் ஒரு பைட் எழுத்து என்பதால் டிஆர் எந்தப் பிசகும் இல்லாமல், சொன்னதை அப்படியே செய்யும். அந்தக் கமா யாருடைய பெயரின் முதல் எழுத்து என்பது அதற்குத் தெரியாது.

இப்படிப்பட்ட பைலை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. பழைய பான்ட்களில் 'கெ' என்பதற்கு ஒற்றைக் கொம்பு முதலில், க பிறகு. யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் உள்ளதைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். டிஆர் இடம் மாற்றாது, எண்ணிக்கையையும் கூட்டாது. அந்த வேலைக்கு கன்வர்ட்டர் வேண்டும்.

பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் பேசி உருவாக்கிய டிஸ்கி முறையில் உள்ள பைல் என்றால் உபுண்டுவில் உள்ள ஐகான்வ் கட்டளையே மாற்றிக் கொடுக்கும்:

ஐகான்வ் -எப் டிஎஸ்சிஐஐ -டி யுடிஎப்-8 பழையது > புதியது

இங்கே வரும் -டி, டெலிபோனின் டி. ஐகான்வ் -எல் என்று தட்டினால் அதற்குத் தெரிந்த முறைகள் வரிசையாக வரும், அதில் டிஎஸ்சிஐஐ இருக்கிறதா என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த டேப், டேம் முறைகளையும் பாமினியையும் ஐகான்வ் அறியாது. அவற்றுக்குத் தனி மென்பொருள்கள் உண்டு. சென்னை நியூ ஹொரைஸன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டர் அவற்றில் ஒன்று. எந்த பான்ட்டில் டைப் செய்தது என்று தெரியாவிட்டால், அதே காலத்து வேர்ட் பைல் ஏதாவது இருந்தால் அதைத் திறந்து பான்ட் பெயர் பெட்டியைப் பாருங்கள்.

மாற்றிய பைலைக் கட்டளை வரித் திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அங்கே கொம்பும் காலும் தள்ளித் தள்ளித் தெரியும், பைல் கெட்டுவிட்டது என்று தோன்றும். நோட்பேடில் திறந்து, கடலூர், ஹமீது, மூர்த்தி, கொளஞ்சி, கோமதி என்று ஊகாரமும் ஹ-வும் கொம்பும் உள்ள பெயர்களைத் தேடிப் பாருங்கள். மூலப் பைலை அதற்குப் பிறகும் ஒரு பென் டிரைவில் தனியாக வையுங்கள்.